முதலாளியிடம் வராத கோபம் வீட்டில் மட்டும் ஏன் வருகிறது?

கேள்வி: எனக்கு வயது 41. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் 14 வருடமாக மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர் வாங்குவதிலிருந்து சரக்கு அனுப்புவதுவரை பார்த்துக்கொள்பவன். காலை 9 மணிக்குப் போனால் வீடு திரும்ப இரவு 9:30 ஆகும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதம் ஆக்கியதும் ஆர்டர் குறைந்தது, ஆட்களை நிறுத்தினார்கள். அப்போதிலிருந்து இரண்டு ஆள் வேலையை நான் ஒருவனே பார்க்கிறேன். டையிங்கில் ஷேட் மாறினாலும் நான்தான் காரணம், கன்டெய்னர் லேட்டானாலும் நான்தான் காரணம். ஆபீஸில் என்னைப் பொறுமைசாலி என்பார்கள். வீட்டுக்கு வந்தால் சின்ன விஷயத்துக்குக்கூட என்னையே மறந்து கத்துகிறேன். போன மாதம் ரசம் ஆறிப்போயிருந்தது என்று தட்டை எறிந்தேன். அன்று மாலைதான் பையர் (எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரன்) வீடியோ காலில் எல்லோர் முன்னாலும் கேவலமாகப் பேசியிருந்தான், சிரித்த முகத்தோடு சாரி சொல்லிவிட்டு வந்திருந்தேன். போன வாரம் மனைவி மேல் கை ஓங்கிவிட்டேன், அடிக்கவில்லை. என் பைக் சத்தம் கேட்டால் 10 வயது மகள் டிவியை அணைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாளாம். மனைவி இதைச் சொன்னதிலிருந்து மனசு சரியில்லை. பத்து வரை எண்ணிப் பார்த்தேன், ஒரு மாதம் யோகாவுக்கும் போனேன், பலிக்கவில்லை. கோபத்தை அடக்கினால் பி.பி. வரும், ஜிம்மில் பஞ்சிங் பேக்கைக் குத்தினால் எல்லாம் வெளியே போய்விடும் என்கிறான் நண்பன். சனிக்கிழமை மட்டும் குடிப்பேன். மனைவியும் நான் களைத்து வரும் நேரம் பார்த்துத்தான் கணக்கு வழக்கெல்லாம் எடுக்கிறாள். கோபத்தை நிறுத்த மாத்திரை இருக்கிறதா?
(பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்:

மாத்திரையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு விஷயம். பையர் எல்லோர் முன்னாலும் கேவலமாகப் பேசினார், நீங்கள் சிரித்த முகத்தோடு சாரி சொன்னீர்கள். அதே நாள் ராத்திரி ரசம் ஆறிப்போயிருந்ததற்குத் தட்டு பறந்தது. இந்த இரண்டில் எது பெரிய அவமானம், எதற்குக் கோபம் வந்திருக்க வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஆக, 'என்னையே மறந்து' என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் அப்படியே எடுத்துக்கொள்ளப் போவதில்லை. மறந்துபோகிற ஆளாக இருந்தால் மாலையிலேயே மறந்திருக்க வேண்டும். இன்னொன்றும் கேட்கிறேன். தட்டை எறிந்தபோது பக்கத்தில் போன் இருந்ததா? பையர் நம்பர், டையிங்காரர் நம்பர் எல்லாம் உள்ள அந்தப் போனை ஏன் எறியவில்லை?

குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காகக் கேட்கவில்லை. யாரிடம் காட்டலாம், எதை உடைக்கலாம் என்கிற கணக்கு அந்த நேரத்திலும் உங்களுக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று காட்டவே கேட்டேன். கோபத்துக்காக என்னிடம் வருகிற பெரும்பாலானவர்கள் இப்படித்தான். முதலாளியிடம் காட்டினால் வேலை போகும், பையரிடம் காட்டினால் ஆர்டர் போகும், வீட்டில் காட்டினால் உடனடியாக ஒன்றும் போகாது, மறுநாள் காலை டிபன் வழக்கம்போல் வந்துவிடும். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, உங்கள் வீட்டில் அந்த இடத்தில் இருப்பது உங்கள் மனைவியும் மகளும்தான். இதில் உங்களுக்குச் சாதகமான சங்கதியும் ஒன்று உண்டு. பகல் முழுக்கக் கோபத்தைக் கையாளத் தெரிந்த ஆள் நீங்கள், புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ராத்திரி ஆகும்போது அந்தத் திறமையில் கொஞ்சமும் மிச்சமில்லாமல் ஏன் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்குள் ஒன்று. நம் ஊரில் 'கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும்' என்று ஒரு சர்டிபிகேட் வைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் ஆண்களுக்குத்தான் கொடுப்பார்கள். உங்கள் அம்மாவோ அக்காவோ உங்கள் மனைவியிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கக்கூடும், 'அவன் கோபக்காரன்தான், ஆனா மனசுல ஒண்ணுமில்ல' என்று. எனக்கு இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எரிச்சல். மனசில் ஒன்றும் இல்லாமலிருப்பது கத்தினவருக்கு, கேட்டவர் மனசில் எல்லாம் அப்படியே இருக்கும்.

சரி, உங்கள் நாளுக்கு வருவோம். நீங்கள் எழுதாததையும் கொஞ்சம் ஊகித்துச் சொல்கிறேன், தவறாக இருந்தால் திருத்துங்கள். காலையில் அவசரமாக இரண்டு இட்லி. பதினோரு மணிக்கு பேக்கரி டீ. ஒரு மணிக்குச் சாப்பிட உட்காரும்போது லேப் டிப் (சாயத்துக்கான மாதிரித் துணி) அப்ரூவல் வரவில்லை என்று ஒரு போன், டப்பாவைத் திறக்கும்போது மூன்றரை. அப்புறம் இரண்டு டீ, ஆறு மணிக்கு இன்னொன்று. ராத்திரி படுக்கப் பன்னிரண்டு, எழுந்திருப்பது ஆறு, நடுவில் போன் வெளிச்சம். இந்தத் துறையிலிருந்து என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருடைய நாள் ஏறக்குறைய இதுதான்.

ஒவ்வொரு போனுக்கும், ஒவ்வொரு மெயிலுக்கும் உங்கள் உடம்பு சண்டைக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது. மூளையில் அமிக்டலா என்று பாதாம் பருப்பு அளவில் ஒரு பகுதி இருக்கிறது. ஆபத்து என்று அதற்குப் பட்டால் போதும், அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாகத் துடிக்கும், தோளும் தாடையும் இறுகும், சற்றுப் பின்னால் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனும் வந்து சேரும். எதிரில் நிற்பது பாம்பா, 'ஷிப்மென்ட் என்ன ஆச்சு?' என்ற வாட்ஸ்அப்பா என்ற வித்தியாசம் அதற்குப் பெரிதாகத் தெரியாது. அதை அமர்த்திவைப்பது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை. தூக்கம் குறைந்தாலும், பசித்தாலும், நாள் முழுக்க முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டே இருந்தாலும் முதலில் தளர்வது அந்த முன்மூளைதான். ராத்திரி 9:30க்கு வாசலில் வந்து நிற்கும்போது உங்களிடம் அமிக்டலா முழு வேகத்தில் இருக்கிறது, முன்மூளை ஏறக்குறைய ஷட்டரைச் சாத்திவிட்டது. பத்து வரை எண்ணினால் ஏன் பலிக்கவில்லை என்றால், பத்து எண்ணப் பத்து வினாடிதான் ஆகிறது, ஏறின உடம்பு இறங்குவதற்குக் குறைந்தது இருபது நிமிடமாவது வேண்டும். யோகா விஷயமும் அப்படித்தான். காலை ஆறு மணிக்கு மூச்சுப்பயிற்சி செய்துவிட்டு இரவு 9:30 வரை அது தாங்கும் என்று எதிர்பார்த்திருக்கிறீர்கள், அதுவும் ஒரே மாதத்தில்.

ஆனால் உங்கள் கதையில் நான் அதிகம் கவலைப்படுவது ஆபீஸைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ இல்லை, நடுவில் இருக்கும் பைக் பயணத்தைப் பற்றி. கம்பெனி அவிநாசி ரோட்டில், வீடு பல்லடம் ரோட்டில் என்று வைத்துக்கொள்வோம். அனுப்பர்பாளையத்தில் வண்டியை எடுத்து, புஷ்பா சந்திப்பில் மாட்டி, பாலம் ஏறி இறங்கி வீரபாண்டி வருவதற்குள் ஹெல்மெட்டுக்குள் என்ன நடக்கிறது? முதலாளி சொன்னதற்கு அங்கே சொல்ல முடியாத பதிலை இங்கே சொல்கிறீர்கள். அவர் திரும்ப ஒன்று சொல்வதாக நீங்களே நினைத்துக்கொண்டு அதற்கும் பதில் சொல்கிறீர்கள். பையரைக் கிழிக்கிறீர்கள். சிக்னலில் குறுக்கே வந்த ஆட்டோக்காரருக்கும் நாலு வார்த்தை. கேஸ் முழுக்க நீங்களே வாதாடி, நீங்களே ஜெயித்து, ஆனால் தீர்ப்பைக் கேட்க எதிராளி இல்லாமல் வீட்டு வாசலில் வந்து இறங்குகிறீர்கள். மனைவி வாயைத் திறந்து முதலில் என்ன சொன்னாலும் அது எதிராளி பேசியதாகத்தான் காதில் விழும்.

2024இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் ஆய்விதழ் ஒன்றில் வந்த சோதனை இதைப் பற்றித்தான். ஆரோக்கியமான 280 பேரைச் சில குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினரை மட்டும் தங்களைக் கோபப்படுத்திய பழைய சம்பவம் ஒன்றை 8 நிமிடம் நினைத்துப் பேசச் சொன்னார்கள். யாரும் அவர்களைத் திட்டவில்லை, எதிரில் எதிரியும் இல்லை, வெறும் நினைப்பு. அதற்கே ரத்தக்குழாய்கள் விரிந்துகொடுக்கும் தன்மை குறைந்து, 40 நிமிடம் வரை அப்படியே இருந்தது. உங்கள் பயணம் அரை மணி நேரம். தினமும்.

இந்த இடத்தில் உங்கள் நண்பரையும் பார்த்துவிடலாம். கோபம் என்பது உள்ளே சேர்ந்துகொண்டே போகும், எதையாவது குத்தி உடைத்தால் வடிந்துவிடும் என்ற நம்பிக்கை உலகம் முழுக்க இருக்கிறது, காசு வாங்கிக்கொண்டு பொருளை உடைக்கவிடும் அறைகள்கூட நகரங்களில் வந்துவிட்டன. 2002இல் பிராட் புஷ்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். முதலில் மாணவர்களைக் கோபப்படுத்தினார், பிறகு ஒரு பிரிவினரைக் கோபப்படுத்திய ஆளையே நினைத்துக்கொண்டு பஞ்சிங் பேக்கைக் குத்தச் சொன்னார். சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிடக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. 2024இல் அவரும் இன்னொருவரும் சேர்ந்து 154 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் அதே முடிவு: உடம்பின் வேகத்தைக் குறைக்கிற வேலைகள் கோபத்தைக் குறைக்கின்றன, வேகத்தை ஏற்றுகிற வேலைகள் குறைப்பதில்லை, ஓட்டம்கூட இதற்கு உதவவில்லை. ஜிம்முக்குத் தாராளமாகப் போங்கள், சர்க்கரைக்கும் இதயத்துக்கும் நல்லது. முதலாளி முகத்தை நினைத்துக்கொண்டு குத்துவதற்காகப் போகாதீர்கள், அது ஒத்திகை மாதிரி ஆகிவிடும். நண்பர் சொன்னதில் பாதி சரி, வெளியில் சிரித்துக்கொண்டு உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருப்பது உடம்புக்கு ஆகாதுதான். அதற்கு வழி குத்துவது இல்லை.

இனி செய்ய வேண்டியவை. நிறைய இருக்கிறது, எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள்.

முதலில் அந்தப் பயணத்தை உடைக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது எங்காவது வண்டியை ஓரம்கட்டுங்கள். கோயில் வாசல், பெட்ரோல் பங்க் ஓரம், மூடிய கடையின் திண்ணை, எதுவானாலும் சரி, தினமும் ஒரே இடமாக இருந்தால் நல்லது. போனைப் பைக்குள் போடுங்கள். மூக்கு வழியாக நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். வெளியே விடும் மூச்சு நீளமாக இருந்தால் இதயத்துடிப்பு தானாக இறங்கும், இதற்கு நம்பிக்கையெல்லாம் தேவையில்லை, நரம்பு செய்கிற வேலை. ஐந்து நிமிடம் போதும், தலை லேசாகச் சுற்றினால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். ஹெல்மெட் வாதம் மறுபடி தொடங்கும், தொடங்கட்டும், அதோடு சண்டை போடாமல் சாலையில் போகிற வண்டிகளை எண்ணுங்கள். 9:30 என்பது 9:45 ஆகும், வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். இந்த மூச்சை நல்ல மனநிலையில் இருக்கும்போதும் பழகியிருக்க வேண்டும், சண்டைக்கு நடுவில் முதல்முறையாக முயன்றால் வராது.

ஆறு மணிக்கு டீக்குப் பதில் ஏதாவது சாப்பிடுங்கள், வாழைப்பழமோ சுண்டலோ ஒரு கடலை மிட்டாயோ. மூன்றரை மணிச் சாப்பாட்டை ஒன்றரைக்குக் கொண்டுவர முடியுமா பாருங்கள். நாலு மணிக்குமேல் டீ வேண்டாம். அற்ப விஷயமாகத் தெரியும், ஆனால் வயிறு காலியாகவும் தூக்கம் குறைவாகவும் இருக்கிற ஆளிடம் பொறுமையைப் பற்றி நான் என்ன பேசினாலும் வீண்.

அடுத்து, உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் உறுத்திய இடம்: 'நேரம் பார்த்துத்தான் எடுக்கிறாள்.' நீங்கள் வீட்டில் விழித்திருக்கும் நேரம் காலையில் இரண்டு மூன்று மணி நேரம், ராத்திரி இரண்டரை மணி நேரம். காலையில் குளியல், டிபன், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது. ஸ்கூல் பீஸ் கடைசித் தேதியைப் பற்றியோ, அவர் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதைப் பற்றியோ அவர் உங்களிடம் எப்போது பேச வேண்டும்? நேரம் பார்த்து எடுக்கவில்லை, அந்த ஒரு நேரம்தான் அவருக்குக் கிடைக்கிறது. களைத்திருக்கும் மூளை எல்லாவற்றுக்கும் 'வேண்டுமென்றே செய்கிறார்கள்' என்று காரணம் கண்டுபிடிக்கும், கோபத்தின் முக்கால்வாசி தீனி இந்த ஊகம்தான். மகள் தண்ணீர் பாட்டிலைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தால் அது மறதி. 'எத்தனை தடவை சொன்னாலும் இவளுக்கு அப்பா பேச்சு மதிப்பில்லை' என்று உங்கள் தலைக்குள் ஒரு வரி ஓடினால், அதற்கப்புறம் நீங்கள் கத்துவது பாட்டிலுக்காக இல்லை. அந்த வரி ஓடுகிறதா என்று மட்டும் கவனித்துவாருங்கள், பிடித்துவிட்டாலே பாதி வேகம் குறையும்.

கணக்கு வழக்குக்கு ஞாயிறு காலை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், அதை நீங்களாகவே தொடங்குங்கள், அவர் ஞாபகப்படுத்த வேண்டிய நிலை வரக்கூடாது. மற்ற நாட்களில் வீட்டுக்கு வந்த முதல் அரை மணி நேரம் பணம், புகார், ஹோம்வொர்க் மூன்றும் வேண்டாம் என்று இருவரும் பேசிவைத்துக்கொள்ளலாம், ஆனால் இந்த விதி உங்களுக்கும் பொருந்தும். 'ஏன் இன்னும் துணி மடிக்கவில்லை' என்பதும் புகார்தான். அந்த அரை மணி நேரம் போனையும் தொடாதீர்கள். அமெரிக்க பையருக்கு அப்போது வேலை நேரம், மெயில் வந்துகொண்டேதான் இருக்கும். பத்தரை மணிக்கு ஒருமுறை பார்த்து பதில் போட்டுவிட்டு மூடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கோபம் ஏறுகிற நாள் வரும். காது சூடாகும், தாடை இறுகும், குரல் ஒரு படி ஏறும், ஒவ்வொருவருக்கும் ஒரு அடையாளம் உண்டு, உங்களுக்கு எது என்று மனைவியைக் கேளுங்கள், அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அது தெரிந்த உடனே 'எனக்குக் கோபம் ஏறுகிறது, வெளியே போய்விட்டு அரை மணி நேரத்தில் வருகிறேன், வந்து பேசுவோம்' என்று சொல்லிவிட்டுப் போங்கள். நடந்து போங்கள், பைக் வேண்டாம், கதவை அறைய வேண்டாம். மிக முக்கியமாக, சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்து அந்தப் பேச்சை முடியுங்கள். பேச்சைப் பாதியில் விட்டுப் போய் பத்து நாள் மௌனமாக இருக்கும் கணவர்கள் பலர், தாங்கள் கோபத்தை அடக்கிவிட்டதாகப் பெருமையாக என்னிடம் சொல்வார்கள். அந்தப் பத்து நாளும் தண்டனைதான். இந்த ஏற்பாட்டை முன்கூட்டியே மனைவியிடம் விளக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் 'பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போகிறார்' என்றுதான் அவருக்குத் தோன்றும்.

ஆபீஸ் விஷயத்தையும் தொடாமல் விட முடியாது. உங்கள் கோபத்தில் நியாயமான பங்கு ஒன்று இருக்கிறது, அது அங்கே சொல்லப்பட வேண்டியது. இரண்டு ஆள் வேலையை ஒருவர் பார்ப்பது மூச்சுப்பயிற்சியால் தீரும் பிரச்சினை இல்லை. முதலாளியிடம் ஷிப்மென்ட் நெருக்கடி இல்லாத ஒரு நாள் காலையில் போங்கள். 'முடியவில்லை சார்' என்று மொட்டையாகச் சொல்லாமல், கையில் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை ஸ்டைல் ஓடுகிறது, எது எந்தத் தேதி, ஷேட் பிரச்சினையால் கடலில் போக வேண்டிய சரக்கு ஏர்ல போய் எவ்வளவு செலவு ஆனது. 'இந்த மூன்று பையரை நான் பார்த்துக்கொள்கிறேன், நாலாவதை யாருக்குக் கொடுக்கலாம்?' என்று கேளுங்கள். மறுக்கலாம், தொழில் இருக்கும் இருப்பில் மறுக்கவே வாய்ப்பு அதிகம், இந்த நிலைமையில் வேலையை விடுங்கள் என்று எழுத எனக்கும் தைரியமில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவரிடம் ஒருமுறை சொல்லிவிட்டால், ஹெல்மெட்டுக்குள் அதையே நூறு தடவை சொல்லிக்கொள்ளும் தேவை குறைகிறது என்பதை நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன்.

இப்போது கை ஓங்கியது. 'அடிக்கவில்லை' என்று சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். ஓங்கிய கைக்குக் கீழே நின்றவருக்கு அந்த வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை, அடுத்த தடவை கை எங்கே நிற்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அடி விழுந்தால்தான் வன்முறை என்று சட்டமும் சொல்லவில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் வார்த்தையாலும் மிரட்டலாலும் துன்புறுத்துவதும் அடங்கும். இந்தப் பதிலை உங்கள் மனைவியிடம் படிக்கக் கொடுங்கள். அம்மா, உங்களுக்கு ஒன்று: உங்கள் கணவர் மாற நினைப்பது உண்மையாக இருக்கலாம், அதற்காக நீங்கள் பயந்துகொண்டு காத்திருக்க வேண்டும் என்று இல்லை. பயமாக இருந்தால் பெண்களுக்கான உதவி எண் 181க்குக் கூப்பிடலாம், எந்த நேரமும். கிளம்பி அம்மா வீட்டுக்குப் போகத் தோன்றினால் போகலாம், அதை யாரும் 'பெரிதுபடுத்துகிறாள்' என்று சொன்னால் காதில் வாங்க வேண்டாம். கணவருக்கு: இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசும் ஆலோசனைக்கு இப்போது போக வேண்டாம். பயம் இருக்கும் இடத்தில் ஒருவர் மனம்விட்டுப் பேச முடியாது. முதலில் நீங்கள் தனியாக வாருங்கள்.

மகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதைச் சரியாகக் கேட்க வேண்டும். புது டிரஸ், ஐஸ்கிரீம், பானிபூரி எதுவும் கூடவே வரக்கூடாது. 'அப்பா கத்தினதும் தட்டை எறிஞ்சதும் தப்பு. உன் மேல தப்பு இல்ல, அம்மா மேலயும் தப்பு இல்ல. அப்பா இதை மாத்திக்கப் பார்க்கிறேன்' என்று முடித்துக்கொள்ளுங்கள். 'ஆனா அப்பாவுக்கு ஆபீஸ்ல எவ்வளவு கஷ்டம் தெரியுமா' என்று தொடர்ந்தால் உங்களைச் சமாதானப்படுத்தும் வேலை அந்தக் குழந்தை தலையில் விழும். 'அப்பாவைப் பார்த்தா பயமா?' என்றும் கேட்காதீர்கள். பயம் என்றால் உங்களுக்கு வருத்தம், இல்லை என்றால் அவள் பொய் சொல்ல வேண்டும். அவள் நம்புவதற்குச் சில மாதங்கள்கூட ஆகலாம். பத்து வயதுக் குழந்தை வார்த்தையை வைத்து எடை போடாது, அடுத்தடுத்து எத்தனை ராத்திரி சாதாரணமாகக் கழிந்தது என்பதை வைத்துத்தான் போடும். நடுவில் ஒரு நாள் கத்திவிட்டால் மறுபடி கொஞ்சம் பின்னால் போவாள், அப்போது 'அதான் மன்னிப்புக் கேட்டேனே' என்று அவளிடம் சலித்துக்கொள்ளாதீர்கள்.

உடம்பையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பி.பி., சர்க்கரை, தைராய்டு மூன்றும். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் படபடப்பும் எரிச்சலும் வரும், சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு அது இறங்கும்போது திடீர் கோபம் வரும். ராத்திரி சத்தமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று மனைவியைக் கேளுங்கள், அப்படியென்றால் எட்டு மணி நேரம் படுத்தாலும் தூங்கியதாக ஆகாது. வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகளும் ஸ்டீராய்டும் எரிச்சலைத் தூண்டும், வேறு எதற்காவது மருந்து எடுத்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். 2014இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கடுமையாகக் கோபப்பட்ட அடுத்த இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று தெரிந்தது. உங்கள் வயதில் ஒரு தடவைக்கு அந்த அபாயம் மிகச் சிறியதுதான், பயப்பட வேண்டாம். ஆனால் பி.பி.யும் இருந்து, தினமும் வெடித்துக்கொண்டும் இருந்தால் கணக்கு வேறு.

மாத்திரை கேட்டீர்கள். கோபத்தை மட்டும் தனியாக நிறுத்தும் மாத்திரை கிடையாது. கோபத்துக்குக் கீழே வேறு ஏதாவது இருந்தால் அதற்கு மருந்து உண்டு. ஆண்களுக்கு மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வராமல் எரிச்சலாகத்தான் வரும். விடியற்காலை நாலு மணிக்கே விழிப்பு வந்து மறுபடி தூக்கம் பிடிக்கவில்லையா, முன்பு பிடித்த எதிலும் ஆசை இல்லையா, செத்துப்போனால் நிம்மதி என்று எப்போதாவது தோன்றுகிறதா? இதில் எதற்காவது 'ஆமாம்' என்றால் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள், அந்தக் கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றால் இன்றைக்கே. கோப வெடிப்பு வாரத்துக்கு இரண்டு தடவை வீதம் மூன்று மாதமாகத் தொடர்கிறது என்றாலும் நேரில் காட்டத்தான் வேண்டும், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் நண்பர் பெயர் சொல்லி வாங்கித்தரும் தூக்க மாத்திரை, 'ரிலாக்ஸ்' மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். பழக்கமாகிவிடும், சிலருக்கு இருக்கிற கொஞ்சநஞ்சக் கட்டுப்பாட்டையும் தளர்த்திவிடும், சாராயத்தோடு சேர்ந்தால் ஆபத்து.

திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவில் காட்டலாம், செலவில்லை. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416க்குப் போன் போடுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் சேவை, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசுவார்கள். அந்த வண்டியை ஓரம்கட்டும் இடத்திலிருந்தேகூடப் பேசலாம்.

ஒரு வேலை தருகிறேன். இரண்டு வாரம், தினமும் படுக்கும் முன் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன், முந்தின ராத்திரி எவ்வளவு நேரம் தூங்கினேன், வழியில் எதை நினைத்துக்கொண்டு வந்தேன், வந்ததும் என்ன நடந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளையும் தனியாகக் குறியுங்கள், எவ்வளவு குடித்தீர்கள் என்பதோடு. 'சனிக்கிழமை மட்டும்' என்று நீங்கள் எழுதியிருப்பதால் கேட்கிறேன், தட்டு பறந்ததும் கை ஓங்கியதும் எந்தக் கிழமை? அதையும் நோட்டில் முதல் வரியாக எழுதிவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.